சைக்கிளில் வேலைக்குப் போகலாமா? பாதையும் இடைஞ்சலும்

சிங்கப்பூரின் எந்த எம்ஆர்டி நிலையத்திற்குப் போனாலும் வாசலுக்கு அருகில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். சைக்கிள் நிறுத்தும் கம்பிகளில் இடம் போதாமல், பக்கத்து வேலியிலும் விளக்குக் கம்பத்திலும் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்ட சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். முன்னால் ஒரு கம்பிக் கூடை. மழைக்காகப் பிளாஸ்டிக் பை சுற்றிய இருக்கை. துருப்பிடித்த சங்கிலி. காலை 6 மணிக்கு வந்து பூட்டிவிட்டுப் போனவர் இரவில்தான் திரும்பி வந்து அவிழ்ப்பார்.

தொலைக்காட்சிக் கருத்தரங்குகளில் சைக்கிள் என்ற தலைப்பு வந்தால் பேச்சு உடனே இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். வாகனமோட்டிகள் ஒரு பக்கம். ஞாயிறு விடியலில் இறுக்கமான உடையணிந்து கூட்டம் கூட்டமாகச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள் என்பது அவர்களுடைய புகார். பாதசாரிகள் மறுபக்கம். நடைபாதையில் முன்னறிவிப்பின்றி உரசிக்கொண்டு பறக்கிறார்கள் என்பது இவர்களுடைய புகார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எம்ஆர்டி நிலையத்து வேலியில் கூடை வைத்த சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போனவர் இந்த இரு அணியின் பேச்சிலும் வருவதே இல்லை. உடற்பயிற்சிக்காக அல்ல, வேலைக்குப் போவதற்காகவே அன்றாடம் சைக்கிள் மிதிப்பவர் அவர்தான். அவர் எங்கே ஓட்டுவது என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லி முடிக்கவே பல ஆண்டுகள் ஆயின.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. கூடை நிறைய ரொட்டியுடன் மணியடித்துக்கொண்டு கம்பத்துக்குள் வந்த ரொட்டிக்காரரும், பின்பக்கம் பால் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்த பால்காரரும் சைக்கிளில்தான் வந்தார்கள். அவர்களில் பலர் தமிழர்கள். பிறகு கம்பங்கள் போய் அடுக்குமாடி நகர்கள் வந்தன. நகர்களை இணைக்க அதிவேகச் சாலைகள் வந்தன. சாலை காருக்கும் பேருந்துக்கும், நடைபாதை நடப்பவர்களுக்கும் என்று பிரிந்தபோது சைக்கிளுக்கு என்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. அது பூங்காவுக்கும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கும் உரிய பொழுதுபோக்குப் பொருளாயிற்று. சட்டப்படி பார்த்தால் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது குற்றம். நடைமுறையிலோ, மார்க்கெட்டுக்குப் போகும் மாதுகளும் பள்ளிப் பிள்ளைகளும் நடைபாதையில்தான் ஓட்டினார்கள். லாரிகளுக்கு நடுவே போக அவர்களுக்குத் துணிவில்லை.

இந்த நிலையை நேராகப் பார்த்த முதல் நகர் தெம்பனிஸ். 2007ல் அங்கே நடைபாதையைப் பாதசாரிகளும் சைக்கிளோட்டிகளும் பகிர்ந்துகொள்ளும் சோதனை தொடங்கியது. 2010ல் அது நிலைபெற்று, தெம்பனிஸ் நாட்டின் முதல் சைக்கிள் நகர் என்று பெயர் பெற்றது. மற்ற வட்டாரங்களுக்குச் சட்டம் வர மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன.

<b>இரண்டு கிலோமீட்டர் கணக்கு</b>

சைக்கிளில் வேலைக்குப் போவது என்றதும் பலர் மனத்தில் எழுவது உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை மிதிப்பது போன்ற ஒரு படம். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மிகச் சிலர். சிங்கப்பூரில் சைக்கிளுக்கு இயல்பான தூரம் வீட்டிலிருந்து எம்ஆர்டி நிலையம் வரை, அல்லது அதே வட்டாரத்தில் உள்ள தொழிற்சாலை வரை.

வீட்டிலிருந்து நிலையம் 2 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நடந்தால் ஏறக்குறைய 24 நிமிடம். பேருந்து என்றால் ஓட்டம் சில நிமிடங்கள்தான். ஆனால் நிறுத்தம் வரை நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கூட்டம் நிறைந்து வந்தால் அடுத்ததற்கும் காத்திருக்க வேண்டும். சைக்கிளில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 12 நிமிடம், 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 6 நிமிடம். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த நேரம் நாளுக்கு நாள் மாறாது. எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்கு ரயில் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும், பேருந்து நின்றுபோன பிறகு இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990ல் தொடங்கிய வாகன உரிமைச் சான்றிதழின் விலை 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு 150,000 வெள்ளியைத் தாண்டியது. சைக்கிளுக்குச் சான்றிதழும் இல்லை, சாலைக் கட்டணமும் இல்லை. சங்கிலிக்கு எண்ணெயும் டயருக்குக் காற்றும் போதும்.

<b>எங்கே, எவ்வளவு வேகம்?</b>

2018 மே 1ஆம் தேதி நடப்புக்கு வந்த துடிப்பான போக்குவரத்துச் சட்டம்தான் சைக்கிளோட்டிக்கு முதன்முறையாக நாடு முழுவதும் ஓர் இடத்தை வரையறுத்தது. சாதாரண சைக்கிள் நடைபாதையில் போகலாம், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் போகலாம், சாலையிலும் போகலாம். அதிவேகச் சாலையில் கூடாது. நடைபாதையில் உச்ச வேகம் முதலில் மணிக்கு 15 கிலோமீட்டராக இருந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் அது 10 ஆகக் குறைக்கப்பட்டது. சைக்கிள் பாதையில் 25.

பத்து என்பது நத்தை வேகம் என்று சைக்கிளோட்டிகள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிள் ஒரு விநாடியில் 7 மீட்டர் கடந்துவிடும். புளோக்கின் தூண் மறைவிலிருந்து ஒரு பாட்டி காய்கறி வண்டியை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார். ஓட்டுபவர் அவரைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். அதற்குள் 7 மீட்டர் போயாயிற்று; வண்டி நிற்கும் தூரம் அதற்குமேல். 10 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடிக்கு 3 மீட்டர்கூட இல்லை. முதியவர்களுக்கு மோதலைவிட விழுவதுதான் ஆபத்து. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு பலரால் பழையபடி நடமாட முடிவதில்லை. வீட்டில் வயதான தாய் தந்தையர் இருப்பவர்களிடம் இந்த எண்ணைப் பற்றி வாதாடிப் பயனில்லை.

இதற்கிடையில் மின்ஸ்கூட்டர்கள் வந்து நடைபாதையின் நிலைமையையே மாற்றிவிட்டன. உணவு கொண்டுசெல்பவர்கள் முதல் பள்ளி மாணவர்கள் வரை அதில் பறந்தார்கள். 2019 செப்டம்பரில் மின்ஸ்கூட்டருடன் நேர்ந்த ஒரு மோதலில் ஒரு மூத்த மாது உயிரிழந்தார். அவர் நடந்து சென்றவர் அல்ல, சைக்கிளில் சென்றவர் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் தடை செய்யப்பட்டன. சைக்கிளுக்குத் தடை வரவில்லை. ஆனால் பாதசாரிகளின் கோபத்தில் ஒரு பங்கு சைக்கிள்மீது இறங்கியது. அது இன்றும் முழுமையாகத் தணிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அண்மைய மாற்றம் 2025 ஜூலை 1ல் வந்தது. சைக்கிள் பாதையும் நடைபாதையும் அருகருகே ஓடும் இடங்களில், ‘பாதசாரிகளுக்கு மட்டும்’ என்று குறிக்கப்பட்ட பாதையில் சைக்கிள் ஓட்டுவது இப்போது குற்றம். சைக்கிள் படம் வரைந்த பாதையில்தான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் தனிப் பாதை இருக்கும்போது நடப்பவரின் இடத்தில் ஏன் நுழைய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அதே நியாயம் மறுபுறமும் பொருந்தும். சைக்கிள் பாதையின் நடுவில் நான்கு பேர் கைகோத்து நடந்தால், மணியடிப்பவரைத் திரும்பி முறைப்பது சரியல்ல.

<b>பாதை முடியும் இடம்</b>

சைக்கிள் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் இன்பத்தையும் எரிச்சலையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமானால் பீஷானிலிருந்து காலாங் ஆற்றோரமாக நகரை நோக்கிப் போனால் போதும். ஏறக்குறைய 10 கிலோமீட்டர். 1990களில் உருவாகத் தொடங்கிய பூங்கா இணைப்புப் பாதைகளில் முந்தியவற்றுள் இதுவும் ஒன்று. பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் காலை வேளையில் புல்லில் பனியின் ஈரம் இருக்கும். சிமெண்ட் கால்வாயாக இருந்த ஆறு 2012 முதல் அங்கே இயற்கை ஆறுபோல வளைந்து ஓடுகிறது. கரையில் கொக்கு நிற்கும். நல்வாய்ப்பு இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று தலைகாட்டும். ரயிலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இது எதுவும் தெரியாது.

பாதை ஒரு பெரிய சாலையைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இந்தச் சுகம் அறுபடுவதுதான் நீண்டகாலக் குறை. தீவு விரைவுச்சாலை குறுக்கே வருகிறது. ஆறு அடியில் போய்விடும், சைக்கிள் போகாது என்ற நிலையில் சுற்றிக்கொண்டு மேம்பாலம் தேட வேண்டியிருந்தது. மேம்பாலத்தில் ஓட்டக்கூடாது, இறங்கித் தள்ள வேண்டும். பிறகு ஒரு சமிக்ஞை விளக்கு, இன்னொரு சாலை, மறுபடி காத்திருப்பு. இந்தத் தடங்கல்களை மேம்பாலமும் சுரங்கப் பாதையும் கட்டி நீக்கும் திட்டத்தை நகரச் சீரமைப்பு ஆணையம் வகுத்ததே, தடங்கல்கள் எவ்வளவு பெரியவை என்பதற்குச் சான்று.

இது காலாங் ஆற்றுக்கு மட்டும் உரிய குறை அல்ல. எந்த அடுக்குமாடிப் பேட்டையிலும் இதே கதைதான். பாதை அழகாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பேருந்து நிறுத்தம் வரும். பள்ளிவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவே இறங்கித் தள்ள வேண்டும். அல்லது ஒரு கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில் குறுக்கிடும். சாலையைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் நின்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது 2019 முதல் சட்டமும்கூட. சைக்கிளோட்டிக்கு நிறுத்தி நிறுத்திக் கிளம்புவதுதான் களைப்பு. ஒவ்வொரு முறையும் கால் பலத்தில் வேகத்தை மறுபடி உண்டாக்க வேண்டும். காரில் இருப்பவர் காலை லேசாக அழுத்துவதோடு அது முடிந்துவிடுகிறது. ஆகையால்தான் சிலர் நிற்காமல் போய்விடுகிறார்கள். சிலர் பொறுமையிழந்து சாலையில் இறங்கிவிடுகிறார்கள்.

2020ல் நாட்டில் ஏறக்குறைய 460 கிலோமீட்டர் சைக்கிள் பாதை இருந்தது. 2030க்குள் அதை 1,300 கிலோமீட்டர் அளவுக்கு உயர்த்துவது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இலக்கு. நீளம் கூடுவது நல்லதே. ஆனால் வேலைக்குப் போகிறவர் எண்ணிப் பார்ப்பது கிலோமீட்டரை அல்ல. வழியில் எத்தனை முறை இறங்க வேண்டும் என்பதை.

<b>சாலையில் இறங்கினால்</b>

சாலையில் தலைக்கவசம் கட்டாயம். இடது ஓரமாகப் போக வேண்டும். 2022 ஜனவரி முதல் ஒரு குழுவில் ஒற்றை வரிசையில் ஐவருக்குமேல், இருவர் இருவராகப் போனால் பத்துப் பேருக்குமேல் கூடாது. வாகனமோட்டிகள் சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்ற வழிகாட்டியும் அப்போதே வந்தது. இடைவெளி விடுபவர்களும் இருக்கிறார்கள். ஹார்ன் அடித்துவிட்டு உரசிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தவறு, பயத்தில் சாலை ஓரக் கல்லை ஒட்டியே போவது. அங்கேதான் வடிகால் மூடிகளும் மணலும் கிடக்கும். ஓரமாக ஒதுங்க ஒதுங்க, பின்னால் வருபவர் அதே தடத்தில் நெருக்கிக்கொண்டு கடந்துவிடலாம் என்று எண்ணிவிடுகிறார். ஓரத்திலிருந்து ஒரு கை நீளமாவது விட்டு, வளைந்து நெளியாமல் நேராகப் போகிறவர்தான் பின்னால் வருபவர் கண்ணில் படுகிறார்.

அதைவிட ஆபத்தானது லாரியின் இடப்பக்கம். விளக்கில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நுழைந்து முன்னால் போக ஆசை வரும். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு அந்த இடம் தெரிவதே இல்லை. லாரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரத்தைவிடப் பின்சக்கரம் உள்ளே ஒடுங்கி வரும். இடுக்கில் இருப்பவருக்கு விலக வழியில்லை. லாரிக்குப் பின்னால் நின்று அரை நிமிடம் தாமதமாகப் போவது ஒன்றே வழி.

இது யாருக்கு அதிகம் தேவையான செய்தி என்பதைச் சொல்லியாக வேண்டும். துவாஸ், ஜூரோங், சுங்கை காடுட், காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைகளில் விடுதிக்கும் வேலையிடத்திற்கும் கடைக்கும் இடையே சைக்கிளில் போகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு ஊழியர்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். ஊருக்குத் திரும்பும் நண்பர் விட்டுப்போன பழைய சைக்கிள், கறுப்புச் சட்டை, விளக்கு இல்லை. அந்தச் சாலைகளில் ஓடுபவையோ கொள்கலன் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும். ஊரில் இரவில் விளக்கின்றி ஓட்டிப் பழகியவர் இங்கும் அப்படியே ஓட்டுகிறார். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும் என்ற விதி அவர் காதுக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. 2021 செப்டம்பர் முதல் சைக்கிளில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதியும் அப்படித்தான். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சந்திக்கும் தம்பியிடம் ஊர்ச் செய்தி கேட்பவர்கள், சைக்கிளுக்கு விளக்கு இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

<b>வியர்வை, மழை, பூட்டு</b>

வெயில்தான் பெரிய தடை என்பார்கள். பாதி உண்மை. சைக்கிள் ஓடும்போது காற்று பட்டு வியர்வை காய்ந்துகொண்டே இருக்கும். நின்றதும்தான் கொட்டும். இங்குள்ள ஈரக் காற்றில் அது எளிதில் உலராது. நிலையத்தை அடைவதற்குமுன் கடைசிச் சில நிமிடங்களை மெதுவாக மிதிப்பதும், சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பனியனோடு வந்து மாற்றிக்கொள்வதும் பழகியவர்கள் கையாளும் வழி. அலுவலகம் வரையே மிதிப்பவருக்குக் குளிக்க ஓர் இடம் வேண்டும். 2016 ஜூலை முதல் புதிய கட்டடங்கள் பலவற்றின் திட்ட விண்ணப்பத்தில் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் என்ன ஏற்பாடு என்பதைக் காட்டியாக வேண்டும். பழைய கட்டடங்களில் கழிப்பறைக் குழாய்தான் கதி.

மழையை எதிர்த்துப் போராட முடியாது. ஆண்டில் ஏறக்குறைய 170 நாள் மழை பெய்யும் ஊர் இது. பல நாள்களில் பிற்பகலில் கொட்டும். சில மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் பலத்த காற்றும் மழையும் விடியற்காலையில் அடித்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தைக் கெடுக்கும். மின்னல் நேரத்தில் திறந்த வெளியில் சைக்கிளில் இருப்பது ஆபத்து. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. முன்பு கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டுமே ரயிலில் ஏற்ற முடிந்தது. 2016 டிசம்பரில் தொடங்கிய சோதனைக்குப் பிறகு, மடக்கிய நிலையில் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் இருந்தால் எல்லா நேரத்திலும் ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோகலாம் என்றாயிற்று. மாடிப் பேருந்தின் மேல்தளத்திற்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது.

பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த சைக்கிளை நிலையத்தில் நாள் முழுவதும் விட்டுவிட்டு நிம்மதியாக வேலை செய்ய முடியாது. கூடை வைத்த துருப்பிடித்த சைக்கிள்கள் அங்கே அதிகம் நிற்பதற்கு வறுமை மட்டுமே காரணமல்ல. திருடனுக்கு ஆசை வராத சைக்கிளே வேலைக்குப் போகச் சிறந்த சைக்கிள் என்று கண்டுகொண்டவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள். சொந்தமாக வேண்டாம் என்பவர்களுக்காக 2017ல் வாடகை சைக்கிள்கள் வந்து குவிந்தன. கால்வாயிலும் மரத்தடியிலும் அவை வீசி எறியப்பட்டுக் கிடந்ததும், 2018 ஜூனில் ஒரு நிறுவனம் திடீரென மூடிக்கொண்டு போனதும், முன்பணம் கட்டியவர்கள் கையைப் பிசைந்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2019 முதல் வாடகை சைக்கிளை நிறுத்தும் இடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முறையாக முடியும். அதன்பின் ஒழுங்கு ஓரளவு திரும்பியிருக்கிறது.

தொடங்க விரும்புகிறவர் திங்கட்கிழமை காலையில் தொடங்க வேண்டாம். ஞாயிறு காலையில் வீட்டிலிருந்து நிலையம் வரை ஒருமுறை மெதுவாகப் போய்ப் பார்க்கலாம். எங்கே பாதை முடிகிறது, எங்கே இறங்க வேண்டும், எந்தப் பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம் வழி இருக்கிறது, சைக்கிள் கம்பியில் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கம்பியில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் வேலை நாளில்தான் போய்ப் பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு முன்.